சட்டை கசங்கியிருந்தது

சினிமாவுக்குப் போகிறேன் என்று வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் கஷ்டம், அது கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு அழுது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்து ஒரு வழியாகச் சம்மதம் வாங்கினேன். அதற்குப் பிறகுதான் உண்மையான தலைவலி ஆரம்பித்தது. எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று வழி இருந்தது. வெளியூரில் ஒரு திரைப்படக் கல்லூரி, நுழைவுத் தேர்வு எழுதி இடமும் கிடைத்துவிட்டது. வருகிறேனா இல்லையா என்று சனிக்கிழமை மாலைக்குள் சொல்ல வேண்டும். இரண்டாவது, சித்தப்பாவின் வீடியோ ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு என்று எது நடந்தாலும் கேமராவோடு போய் நிற்பார். நாளைக்கே வேண்டுமானாலும் நான் போய்ச் சேரலாம். மூன்றாவது, நிஜமான ஒரு சினிமாப் படப்பிடிப்பு. அதில் வேலை பார்க்கும் அசோசியேட் டைரக்டர் அக்கா எங்கள் லாண்டரிக் கடையில்தான் துணி போடுவார். "ரெண்டு நாள் வந்து நில்லு. சரிப்பட்டு வந்தா திங்கக்கிழமை அவுட்டோர் ஷூட்டிங்குக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தார்.

கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று முதலில் சித்தப்பாவிடம் போனேன்.

"இங்க மட்டும் வந்துடாதே" என்றார், லென்ஸைத் துடைத்துக்கொண்டே. "வந்தா என்னை மாதிரி ஆயிடுவே. பொண்ணு மாப்பிள்ளை சிரிங்க, மாமா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இதையே சொல்லி வாய் வலிக்குது. முறையா காலேஜுக்குப் போய்ப் படி."

அவரிடம் எடிட்டராக இருக்கும் அண்ணன் அதே கல்லூரியில் படித்தவர். சித்தப்பா டீ குடிக்கப் போனதும் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "மூணு வருஷம் படிச்சேன் பாப்பா. வெளிய வந்து பார்த்தா, படிக்காதவன் பக்கத்துல நானும் முதல்லேருந்து நிக்கறேன். நேரா ஷூட்டிங்குக்குப் போயிடு. அதான் நிஜம்."

சரி, ஷூட்டிங்தான் என்று அசோசியேட் அக்காவிடம் போனால், அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "வான்னு நான்தான் கூப்பிட்டேன், இல்லேங்கல. ஆனா நின்னு நின்னு கால் வீங்கினதுதான் மிச்சம். இன்னைக்கு வரைக்கும் என்னை ஒரு தடவைகூட கேமராவைத் தொட விடல. உங்க சித்தப்பா ஸ்டுடியோ இருக்குல்ல? அங்க தொடலாமே?"

இப்படியாகக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தேன். மூன்று பேரும் நல்லவர்கள், என் மேல் பிரியம் உள்ளவர்கள். அவரவர் பட்ட பாட்டை நான் படக் கூடாது என்று அவரவர் போகாத வழியைக் கைகாட்டினார்கள். அவர்களைத் திட்டவும் முடியவில்லை.

திட்டுவதற்கு வீட்டில் ஆள் இருந்தது. சம்மதம் கொடுக்கும்வரை "இது தேவையா", "பொம்பளைப் புள்ள", "ஊர் சிரிக்கும்" என்று ஆயிரம் பேசிய என் அம்மா, கொடுத்த பிறகு வாயைத் தைத்துக்கொண்டாள். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்." அப்பாவைக் கேட்டால் "அம்மாவைக் கேளு." உன் இஷ்டம் என்ற வார்த்தையை யாராவது முகத்துக்கு நேரே சொன்னால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். எனக்கு இஷ்டம் எதுவென்று தெரிந்தால் நான் ஏன் கேட்கிறேன்?

எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது. கீழே லாண்டரிக் கடை, மேலே வீடு. துவைக்க இரண்டு மெஷின், நீராவி இஸ்திரிக்கு ஒரு பெரிய மேஜை, சுவர் முழுக்கக் கம்பியில் தொங்கும் துணிகள். துணி வந்ததும் அம்மா எண் போட்ட துண்டுச் சீட்டை ஊக்கால் குத்தி, கறையைப் பார்த்துப் பிரித்துப் போடுவாள். இஸ்திரி அப்பா. பள்ளிக்கூடம் விட்டால் நானும் என் தங்கையும் அந்த மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றுதான் வளர்ந்தோம். அழுகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவர்கள் உண்டல்லவா, கசங்கிய துணியைப் பார்த்தால் நாங்கள் அப்படி.

வியாழக்கிழமை படப்பிடிப்புக்குப் போனேன். ஒரு வாடகை வீட்டில் நடந்தது. கூடத்தில் கேமரா, மாடிப்படியில் விளக்குகள், சமையலறையில் மேக்கப், எங்கே காலை வைத்தாலும் ஒயர். நடிகர்களின் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் காஸ்ட்யூமர் அண்ணனோடு நில் என்றார் அசோசியேட் அக்கா. அந்த அண்ணன் நல்ல மனிதர், பசி தாங்காதவர். கதாநாயகன் விடிகாலையில் வீட்டு வாசலில் வந்து நிற்கிற காட்சி. கதவைத் தட்டுகிறான், அம்மா திறக்கிறாள், இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பாதி எடுத்ததும் சாப்பாட்டுக்கு விட்டார்கள். புழுக்கம் தாங்காமல் ஹீரோ வெளிர் நீலச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார். காஸ்ட்யூமர் அண்ணனும் தட்டைத் தேடிப் போனார்.

அறையில் நானும் சட்டையும் மட்டும். பக்கத்திலேயே இஸ்திரிப் பெட்டி, சூடாக.

சத்தியமாக நான் யோசிக்கவே இல்லை. ஒரு சினிமா ஹீரோ இப்படிக் கசங்கின சட்டையோடவா நிற்பது, காலையிலிருந்து ஒருத்தர் கண்ணிலும் படவில்லையே என்று பரிதாபப்பட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் தெளித்து, காலரை உள்பக்கமாக முதலில் தேய்த்து, கைமடிப்பை நீவி, பட்டன்களுக்கு நடுவில் பெட்டியின் மூக்கை விட்டு, அப்பாவே பார்த்தாலும் குறை சொல்ல முடியாதபடி முடித்து ஹேங்கரில் மாட்டினேன். முதல் நாளே ஒரு நல்ல வேலை செய்தோம் என்ற திருப்தியோடு சாப்பிடப் போனேன். வயிறாரச் சாப்பிட்டேன், அதுதான் இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

திரும்ப வந்தபோது ஹீரோ அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். டைரக்டர் மானிட்டரைப் பார்த்தார். காலையில் எடுத்ததை ஒரு தடவை ஓடவிட்டார். மறுபடி பார்த்தார்.

"மாப்பிள்ளை ரெடி" என்றார். "பொண்ணு எங்கே?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. கதவைத் தட்டும்போது கசங்கியிருந்த சட்டை, அம்மா கதவைத் திறந்ததும் தேய்த்துப் போட்டதாக மாறியிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு எதுவும் மாறக் கூடாது. அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது, அதற்குக் கன்டினியுட்டி என்று பெயர். அன்று மதியம் கன்டினியுட்டி என்ற சொல்லை நான் பலர் வாயிலிருந்து பலவிதமாகக் கேட்டேன்.

"யார் தேய்ச்சது?"

"நான்தான் சார்."

"ஏன்?"

"சட்டை கசங்கியிருந்துச்சு சார்."

"ஏன் கசங்கியிருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்க முடியும் என்றே தெரியாது. எங்கள் கடையில் யாரும் துணியைப் பார்த்து ஏன் கசங்கினாய் என்று கேட்பதில்லை.

"தெரியாதுன்னா ஏன் தொட்டே?" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடிப்படியில் விளக்குப் பிடித்திருந்தவர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். வேறு சட்டைக்கு வழியில்லை. இருந்த இன்னொன்று மழைக் காட்சியில் சாயம் போய்விட்டது. அந்தக் காட்சியை அப்படியே நிறுத்திவிட்டு வேறொன்றை எடுக்கக் கிளம்பினார்கள். அசோசியேட் அக்கா என் தோளைத் தொட்டு, "நீ கிளம்பு" என்றார். நாளைக்கு வா என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று வழியில் ஒன்று அடைபட்டாயிற்று. சித்தப்பாவே ஸ்டுடியோவுக்கு வராதே என்கிறார். மிச்சம் கல்லூரி. அப்படியென்றால் குழப்பம் தீர்ந்தது, நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? ஏன் மூக்கு ஒழுக அழுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவமானத்துக்கு அழுகிறேனா, அந்த இடம் கைவிட்டுப் போனதற்கு அழுகிறேனா? பக்கத்து சீட்டுப் பெண் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். அதுவும் கசங்கித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்த சூட்டோடு காஸ்ட்யூமர் அண்ணன் வந்து நின்றார். கையில் அதே சட்டை. 

"டைரக்டர் சார் சொல்லி அனுப்பினார். நாளைக்கு மதியம் அந்த சீன் எடுக்கறோம். பழையபடி கசங்கியிருக்கணுமாம். யார் தேய்ச்சாங்களோ அவங்களே கசக்கி, அவங்களே எடுத்துட்டு வரணுமாம்." கைப்பேசியில் முதல் ஷாட்டின் படத்தை எனக்கு அனுப்பிவிட்டுப் போனார். அது தண்டனையா, இன்னொரு வாய்ப்பா என்று அவரைக் கேட்டேன். "எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார்.

அப்பாவுக்கு விஷயம் மண்டையில் ஏறவே கொஞ்ச நேரம் ஆனது. "கசக்கறதா? நானா?" என்றார். "என் கையால இன்னைக்கு வரைக்கும் ஒரு துணி கசங்கினது கிடையாது." அம்மா பழக்க தோஷத்தில் சட்டைக்கு எண் சீட்டைக் குத்திவிட்டாள்.

பிறகு நடந்ததை யாராவது படம் எடுத்திருக்க வேண்டும். அப்பா சட்டையைப் பந்தாகச் சுருட்டி இரண்டு கையாலும் அழுத்தினார். பிரித்தால் பொட்டலம் மடித்த காகிதம் மாதிரி இருந்தது. கைப்பேசிப் படத்தில் அப்படி இல்லை. அம்மா நனைத்து முறுக்கினாள், கயிறு கயிறாகக் கோடு விழுந்தது. என் தங்கை அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள். ஒவ்வொரு தடவை சரியாக வராதபோதும், "இரு, முதல்லேருந்து வருவோம்" என்று அப்பா சட்டையை மேஜையில் போட்டு மறுபடி தேய்த்துவிடுவார். சும்மா தேய்க்க மாட்டார், காலர் உள்பக்கம் உட்பட மடிப்புக் கலையாமல் தேய்ப்பார்.

"முழங்கைகிட்ட இன்னும் கொஞ்சம்" என்றாள் அம்மா.

"இல்ல, முன்பக்கம்" என்றார் அப்பா.

"ரெண்டும் இல்ல, கைமடிப்பு" என்றாள் தங்கை.

"எல்லாரும் வாயை மூடுங்க!" என்று கத்தினேன். "ஒரு சட்டை எப்படிக் கசங்கணும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. நான் எங்க போகணும்னு கேட்டா மட்டும் ஒருத்தருக்கும் வாய் வராது. உன் இஷ்டம், உன் இஷ்டம். நான் எக்கேடு கெட்டாலும் உங்களுக்கு ஒண்ணுமில்ல, அதானே?"

அம்மா ஊக்கு டப்பாவைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சா சொல்லமாட்டேனாடி?" என்றாள். "ஒரு கறையைக் காட்டு, போகுமா போகாதான்னு சொல்றேன். இந்த சினிமாவுல எது வாசல், எது கொல்லைப்பக்கம்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒண்ணைச் சொல்லி, நீ அங்க போய், அது தப்பாப் போயிட்டா? ஆயுசுக்கும் என்னைப் பார்க்கறப்பல்லாம் உனக்கு அது ஞாபகம் வருமே. அந்தப் பயத்துலதான் சொல்லல. உங்கப்பாவுக்கும் அதே பயம்தான், கேட்டுப் பாரு."

அப்பா ஆமாம் என்று தலையாட்டிவிட்டுச் சட்டையை மறுபடி மேஜையில் விரித்தார். அக்கறை இல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என்னைப் போலவே அவர்களும் முழித்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்ததும் கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பயம் வந்தது. இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாதென்றால் வேறு யாருக்குத்தான் தெரியும்?

என்ன செய்வதென்று தெரியாமல், சட்டையை எடுத்து என் சுடிதாருக்கு மேலேயே போட்டுக்கொண்டேன். முட்டிவரை தொங்கியது. அப்படியே வேலையைப் பார்த்தேன். மூட்டை தூக்கினேன், மெஷினில் குனிந்து துணி எடுத்தேன், மேஜையில் சாய்ந்து நீராவியில் நின்றேன், சாயங்காலம் நாற்காலியில் சுருண்டு கொஞ்சம் தூங்கினேன். கழற்றிப் படத்தோடு வைத்துப் பார்த்தோம். முழங்கையில் முழங்கை போட்ட மடிப்பு, கைமடிப்பு சுருண்ட விதம், எல்லாம் கிட்டத்தட்ட அதே. முன்பக்கம் மட்டும் போதவில்லை. அங்கே மட்டும் கையால் கசக்கிச் சேர்த்தேன். அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம், கசங்கின சட்டை மேற்கொண்டு கசங்கிவிடக் கூடாதே என்று ஹேங்கரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். டைரக்டர் சட்டையைப் பார்த்தார், மானிட்டரில் படத்தைப் பார்த்தார், "ம்" என்றார். அவ்வளவுதான். கதவு திறந்தது, அம்மாவும் மகனும் பேசாமல் பார்த்துக்கொண்டார்கள், ஷாட் ஓகே. என்னை யாரும் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

விளக்கை இடம் மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு அவரிடம் போனேன். "சார், இந்தச் சட்டை ஏன் கசங்கியிருக்கு?"

"இப்பவாவது கேட்டியே" என்றார். "ராத்திரி முழுக்க பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கான். ஊரை விட்டுப் போறதா, வீட்டுக்கே திரும்பறதான்னு தெரியல. விடிஞ்சதும் வந்து நிக்கறான்."

நான் யோசித்தேன். "அப்படின்னா தப்பா இருக்கு சார். சாய்ஞ்சு உட்கார்ந்தா முதுகுலயும் இடுப்புலயும்தான் மடிப்பு விழும். நெஞ்சுகிட்ட இவ்வளவு விழாது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"தெரியும்" என்றார். "அவன் முதுகு எந்த ஷாட்ல வருது?"

எடுத்ததை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். எதிலும் வரவில்லை. கேமரா அவன் முன்னாலேயே நின்றது.

"பார்க்கறவனுக்குத் தெரியாத இடத்துல கசங்கி என்ன புண்ணியம்? அதனால முன்னாடி கசக்கச் சொன்னேன்." அவர் எழுந்து போய்விட்டார்.

சட்டை விஷயத்தில் என்னை யாரும் அதுவரை ஜெயித்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. கொஞ்சம் சாப்பிட்டதும் பசி அதிகமாகுமே, அப்படி இருந்தது.

அசோசியேட் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "திங்கக்கிழமை காலையில வண்டி கிளம்புது. சார் உன்னையும் ஏத்திக்கச் சொல்லிட்டார். வர்றியா? யாரும் உட்கார வெச்சுச் சொல்லித்தர மாட்டாங்க, திட்டுவாங்க. நல்லா யோசிச்சு ஒரு முடிவு சொல்லு, ஆனா இப்பவே சொல்லு."

அதே நேரத்தில் கைப்பேசி அடித்தது. கல்லூரி அலுவலகம். வாசல் பக்கம் ஓடிப்போய் எடுத்தேன்.

சட்டென்று மனதில் வெளிச்சம் வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. கல்லூரியில் ஏன் என்று கேட்டால் உட்கார வைத்துச் சொல்வார்கள், போய்விடு என்றது ஒரு மனம். அந்த ஏன் என்ற கேள்வியே, நீ இங்கே வந்து தப்பு செய்யாமல் இருந்திருந்தால், உனக்குத் தோன்றியே இருக்காதே என்றது இன்னொன்று. இரண்டுமே சரியாகப் பட்டது.

"இந்த வருஷம் வரல மேடம்" என்றேன்.

"யோசிச்சுத்தான் சொல்றியாம்மா? உன் இடம் வேற ஒருத்தருக்குப் போயிடும். அடுத்த வருஷம்னா மறுபடி பரீட்சை எழுதணும்."

"யோசிச்சு யோசிச்சுத்தான் மேடம் இப்படி ஆயிட்டேன்."

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டு வைத்துவிட்டார். உடனே திரும்பக் கூப்பிட்டு, சும்மா சொன்னேன் மேடம், வருகிறேன் என்று சொல்லலாமா என்றும் தோன்றியது. கூப்பிடவில்லை, உள்ளே போய் அசோசியேட் அக்காவிடம் வருகிறேன் என்றேன். கூப்பிடாததற்கும் எனக்குக் காரணம் தெரியாது.

வீட்டில் சொன்னபோது அம்மா "சரி" என்றாள். "உன் இஷ்டம்" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டதைப் பார்த்தேன். "சரியான முடிவுதானாம்மா?" என்று கேட்டேன். "தெரியலடி" என்று சொல்லி, என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. ஆனால் கீழே நீராவிச் சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன். அப்பா என் துணி அத்தனையையும் மேஜைமேல் குவித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கிழிந்த பழைய நைட் பேண்ட்டைக்கூட விடவில்லை. பக்கத்தில் நான் கொண்டுபோகும் துணிப்பெட்டி திறந்து கிடந்தது.

"எதுக்குப்பா இதெல்லாம்? அங்க வெயில்லயும் மண்ணுலயும் நிக்கணும். வண்டியில ஏறி உட்கார்ந்ததுமே எல்லாம் கசங்கிடும்."

"போற இடத்துல கசங்கட்டும்" என்றார் அப்பா. தலை நிமிரவில்லை. "இங்கேருந்து போறப்ப கசங்காம போகணும்."

சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்துக் காலரை உள்பக்கமாகத் திருப்பினார்.